அடைக்கலத் தொட்டியில் பாசி

ஆவூர்
7 ஜனவரி 2025

ஷெரினுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கு என் வணக்கம். இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாம் பாசியைப் பற்றித்தான்.

நீ மடத்துக்குக் கிளம்பிய அன்று வேனை எடுக்க மாட்டேன் என்றவன் நான். இனி எனக்குத் தங்கச்சி கிடையாது என்றும் சொன்னேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ள இதை எழுதவில்லை. நவகன்னியர் இல்லத்தில் இந்தப் பயிற்சி வருஷம் முழுக்க போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று அம்மா சொன்னதால் பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன்.

கூடத்தில் நீ வைத்துவிட்டுப் போன உப்புத் தண்ணீர் மீன் தொட்டி நாறிக்கொண்டிருக்கிறது. மேலே கோமாளி மீன் ஜோடி உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு கீழே. அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி வைத்து, அதற்கு அடைக்கலத் தொட்டி என்று பெயரும் வைத்தாயே, அங்கேதான். அதில் நல்ல பாசி ஒன்றை வளர்த்தால் மேலே இருந்து வரும் மீன் கழிவை அது தின்றுகொள்ளும், சுத்தமான தண்ணீர் மறுபடி மேலே ஏறும் என்று எனக்கு வகுப்பெடுத்தாய். இடியாப்பம் போலச் சிக்குண்டு கிடக்கும் அந்த நல்ல பாசியை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். அதன்மேல் பச்சை முடி போல வேறொன்று மூடிக் கிடக்கிறது. கையை விட்டால் கொழகொழவென்று ஒட்டுகிறது. கண்ணாடி முழுக்க அதுதான். மோட்டார் வாயையும் அடைத்துவிட்டது. ஊரில் உள்ள மோட்டாருக்கெல்லாம் கீரனூர்ப் பட்டறையில் காயில் கட்டிக் கொடுக்கிறவன், வீட்டு மோட்டாரைத் தினம் கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்க்கிறேன்.

திருச்சியில் ஒரு மீன் கடைக்காரர் தொட்டியோடு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்திருப்பேன். அம்மா மறித்துக்கொண்டு நிற்கிறாள். "அதையும் தூக்கிக் குடுத்துட்டா, அவ இந்த வீட்டுல இருந்தாங்குறதுக்கு என்னடா மிச்சம்?" என்கிறாள்.

கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே வெண்டைக்காய்ப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாயாம். நல்லது. ஒன்று, என்ன செய்வதென்று எழுது. இல்லை, நீயே வந்து பார். மே மாதம் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை உன்னை யாரும் கட்டிப்போடவில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று பங்குச் சாமியாரே சொன்னார். உன் அறையில் ஒரு சாமானையும் நகர்த்தவில்லை.

ஜெரால்டு

*

நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்
19 ஜனவரி 2025

அன்பு அண்ணே,

உன் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் வாங்கிப் படித்தேன். நீ திட்டி எழுதியிருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன். நீ திட்டியும்தான் எழுதியிருக்கிறாய், அதற்கும் நன்றி. மதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். "உங்க அண்ணன் எனக்கும் சேத்துல்ல எழுதியிருக்காரு" என்றார்கள். நான் தண்ணீர் பாய்ச்சுவது வெண்டைக்கு இல்லை, கத்தரிக்கு.

ஏழு மாதமாக அந்த மீன்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறாயே, அதுவே பெரிய காரியம். நான் இருந்தபோது அலமாரிக் கதவைத் திறந்துகூடப் பார்க்காதவன் நீ.

மருந்து ஊற்றி முடிப்பாசியைக் கொல்லலாம் என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதே. கெட்டதோடு நல்ல பாசியும் போய்விடும். கையால்தான் எடுக்க வேண்டும். ஒரு வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி, நல்ல பாசியை அள்ளி அதில் போட்டு அலசு. குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதே, செத்துப்போகும். ஈர் உருவுவது போல விரலால் உருவி உருவி முடிப்பாசியைப் பிரித்தெடு. தொட்டியின் அடியில் படிந்த கசடைச் சின்ன டியூப் போட்டு உறிஞ்சி வெளியேற்று. நல்ல பாசி ஒரே மூலையில் படுத்துக் கிடந்தால் அதன்மேல் கண்டதும் ஏறிக்கொள்ளும். மோட்டார் தண்ணீர் அதன்மேல் அடித்து, அது உருண்டுகொண்டே இருக்கும்படி குழாயைத் திருப்பி வை. அந்த வேலை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வற்றுகிற தண்ணீருக்கு என்ன ஊற்றுகிறாய்? போர் தண்ணீர் என்றால் இன்றோடு நிறுத்து. சுற்றி இருக்கிற வயலுக்குப் போட்ட உரமெல்லாம் அதில் இறங்கியிருக்கும். ஆர்.ஓ. கேன் வாங்கி ஊற்று. கடல் தண்ணீருக்கு வெள்ளைச்சாமி அண்ணனிடம் சொல். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி ஓட்டிவரும்போது இரண்டு கேன் பிடித்துவருவார்.

வருவதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மா சாப்பிடுகிறாளா?

உன் தங்கச்சி
ஷெரின்

*

ஆவூர்
3 பிப்ரவரி 2025

ஷெரினுக்கு,

நீ சொன்னதெல்லாம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கும்போது முதுகு நிமிரவில்லை. தலைக்குப் பேன் பார்ப்பது போலப் பாசிக்குப் பார்த்தேன். போர் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதையும் நிறுத்தியாயிற்று. வெள்ளைச்சாமியிடம் கடல் தண்ணீர் கேட்டதற்கு, "மீனுதான் இம்புட்டு நாளா கொண்டாந்தேன், இனிமே கடலையும் இங்கிட்டு கொண்டாரணுமாக்கும்" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் நான்கு கேன் இறக்கிவிட்டுப் போனார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தொட்டி தெளிந்தது. நல்ல பாசி பம்பரம் போலச் சுற்றியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மாதிரி சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, அதனால் உனக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரே வாரத்தில் அது திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட அடர்த்தியாக வந்திருக்கிறது. மோட்டாரைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என் மூளைக்கு எட்டவில்லை.

அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டாயே. தட்டில் போட்டுக்கொள்கிறாள். கழுவும்போது பார்த்தால் தட்டில் பாதி இருக்கிறது. நான் பட்டறையை மூடிவிட்டு எட்டரைக்கு வருகிறேன், அதற்குள் ஜெபம் முடித்துப் படுத்துவிடுகிறாள். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. இதையெல்லாம் உன் மனசைக் கலைக்கத்தான் எழுதுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது? நீ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜெரால்டு

*

திண்டுக்கல்
16 பிப்ரவரி 2025

அன்பு அண்ணே,

உன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள். நீ உட்கார்ந்து பாசி உருவியதை இங்கே மற்ற நவகன்னியரிடம் சொன்னேன். ஆண்பிள்ளைகள் இதெல்லாம் செய்வார்களா என்று கேட்கிறார்கள். எங்கள் அண்ணன் செய்வான் என்றேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது.

நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் அது திரும்பி வருகிறது என்றால் காரணம் ஒன்றுதான். சாப்பாடு இல்லாமல் பாசி வளராது. மீன் தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகும், அதைத்தான் முடிப்பாசி தின்னும். அடைக்கலத் தொட்டி கொஞ்சம் கழிவைத் தாங்கும், அளவுக்கு மீறினால் அதுவும் திணறிப்போகும். இரண்டு மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும். நீ காலையில் ஒரு சிட்டிகைதான் போடுகிறாய் என்றால், வேறு யாரோ போடுகிறார்கள். தீனி டப்பா எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்த்தாயா?

யார் என்று பார். அண்ணே, கோபப்படாதே. முதலில் பார்க்க மட்டும் செய். உனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, அது எனக்குத் தெரியும்.

அம்மா தட்டைப் பற்றி நீ எழுதியதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. இதை மதர் படிப்பார்கள். படிக்கட்டும்.

ஷெரின்

*

ஆவூர்
24 பிப்ரவரி 2025

ஷெரினுக்கு,

பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கீரனூரில் கரண்டு இல்லை. பட்டறையைச் சாத்திவிட்டு ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து நான் ஜெபத்துக்கு உட்காருவதில்லை, அது உனக்குத் தெரியாது. அப்பா இருந்தபோது நம் வீட்டில் ஜெபமாலையை ஆளுக்குப் பத்து மணிகள் என்று பிரித்து வைத்திருந்தார் அல்லவா? முதல் பத்து அவருக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது எனக்கு, நாலாவது உனக்கு, கடைசிப் பத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அப்பா போன பிறகு அவர் பத்தையும் அம்மாவே சொன்னாள். இப்போது என் பங்கையும் சேர்த்து மூன்றையும் ஒற்றை ஆளாகச் சொல்லி முடித்தாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

நாலாவது வந்ததும் எழுந்தாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்து எழுந்து, மீன் தொட்டிக்குப் போனாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு மணியை உருட்டினாள், ஒரு சிட்டிகை தீனி போட்டாள். வாய் திறக்கவில்லை. அடுத்த மணி, அடுத்த சிட்டிகை. பத்து மணிகளுக்கும் பத்துச் சிட்டிகை. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து அஞ்சாவதைச் சொன்னாள்.

திட்டத்தான் உள்ளே போனேன். "என்னம்மா பண்றீங்க, அம்புட்டுத் தீனியும் அழுகித்தான் பாசி புடிக்குது" என்றேன். அம்மாவுக்குக் குற்றம் செய்த முகமே இல்லை. "அது அவ பங்குடா. அவ பங்க நான் சொன்னா, அவ இல்லன்னு ஆயிராதா? அந்த மீனுங்கள பாரு, தீனி போட்டா வாயத் தொறந்து தொறந்து மூடுது. செபம் சொல்ற மாதிரியே இருக்கு. அவ வளத்ததுங்க, அவளுக்குப் பதிலா சொல்லிட்டுப் போகுதுங்க" என்றாள்.

டப்பாவைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. நீ கோபப்படாதே என்று எழுதியிருந்தாய். கோபம் வரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அலமாரியைத் திறந்து மறுபடி பாசியை உருவ உட்கார்ந்துவிட்டேன்.

இனி என்னிடம் மருந்து இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. வந்துவிடு. தவக்காலம் தொடங்கினால் கடிதம் கிடையாது என்று எழுதியிருந்த நோட்டீஸ் அம்மாவிடம் இருக்கிறது. அதற்குள் பதில் போடு.

ஜெரால்டு

*

திண்டுக்கல்
2 மார்ச் 2025

அன்பு அண்ணே,

இதைக் கோயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு எங்கே உட்கார்ந்தாலும் அழுகை வருகிறது.

மதரிடம் சொல்லிவிட்டேன். ஈஸ்டர் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், வார்த்தைப்பாடு வேண்டாம் என்றேன். மதர் தடுக்கவில்லை. தவக்காலம் முழுக்க யோசி, உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாளும் இதையே சொன்னால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றார்கள். அவர்களுக்கும் நான் நன்றியுள்ளவள்.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, அண்ணே. அதைச் சொல்லாமல் வந்தால் பொய்யாகிவிடும். காலையில் கண் விழிக்கும்போதே மனசு நிறைந்து இருக்கிறது. நான் வீட்டைப் பிடிக்காமல் ஓடி வந்தேன் என்று நீ நினைத்தாய். இல்லை. நீங்கள் எல்லோரும் வளர்த்த வளர்ப்பில்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. ஆனால் அம்மா மீன் வாயைப் பார்த்து என் ஜெபத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் இங்கே எப்படிப் பாட முடியும்?

அதுவரை அவளிடமிருந்து டப்பாவை வாங்காதே. மீன் போனால் போகட்டும். நீ பாசியை உருவிக்கொண்டிரு, உனக்குப் புண்ணியமாகப் போகும். அவளைத் திட்டாமல் விட்டாயே, அதற்காகக் காலம் முழுக்க உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஷெரின்

*

ஆவூர்
15 மார்ச் 2025

மதர் அவர்களுக்கு,

தவக்காலத்தில் கடிதம் கொடுப்பதில்லை என்று தெரியும். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். ஈஸ்டர்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். வாசலில் சிஸ்டரிடம் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

என் தங்கச்சிக்கு,

நீ வர வேண்டாம்.

உன் கடிதம் பட்டறைக்குத்தான் வந்தது. படித்ததும் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொன்னேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா? டீ வந்தது. குடித்துக்கொண்டே இன்னொரு தடவை படித்தேன். மனசு நிறைந்து இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்துக்கு மேல் போக முடியவில்லை. நம் வீட்டில் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அன்று சனிக்கிழமை. ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து, குளித்து, பாயை விரித்து உட்கார்ந்தேன். அம்மா முதல் இரண்டு பத்தையும் சொன்னாள். மூன்றாவதை நான் சொன்னேன். நாலாவது வந்தது, அவள் எழுந்து தொட்டிக்குப் போனாள். டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் கையைப் பிடிக்க வேண்டியதில்லை, அந்தப் பத்தை யாராவது வாய் திறந்து சொன்னால் போதும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே தொடங்கினேன். தொடங்கி என்ன, அந்தப் பத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய நாலாவது தேவ இரகசியம் என்ன என்பதே மறந்துபோயிற்று. 'நாலாவது', 'நாலாவது' என்று திக்கிக்கொண்டு நிற்கிறேன். அம்மாதான் தொட்டிப் பக்கம் இருந்து எடுத்துக் கொடுத்தாள். "கொழந்த ஏசுவ கோயில்ல காணிக்கையா ஒப்புக்குடுத்ததுடா. பெத்தவுக தூக்கிட்டுப் போயி, அவுகளே ஒப்புக்குடுத்தாக" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். நான் முதல் அருள் நிறைந்த மரியே சொன்னேன். அம்மா சொல்ல வேண்டிய மறுபாதி வரவில்லை. இரண்டாவது சொன்னேன். மூன்றாவதில் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே மீதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நானும் அழுதேன், அதை அங்கே யாரிடமும் சொல்லாதே. அன்று இரண்டு தோசை தின்றாள், மூன்றாவதை நான்தான் தட்டில் வைத்தேன், அதையும் தின்றாள்.

அன்றிலிருந்து தினமும் நான் சொல்கிறேன். டப்பா அலமாரியின் மேல் இருக்கிறது, ஜெப நேரத்தில் யாரும் தொடுவதில்லை. காலையில் ஒரு சிட்டிகை போடுவதும் இப்போது அம்மா வேலை. பாசி முழுவதும் போகவில்லை. ஆனால் உருவிய இடத்தில் புதிதாக வரவில்லை. ஒரு வாரமாக மோட்டார் வாய் அடைக்கவில்லை.

நீ வருவதாக இருந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. நீ இங்கே வந்து உட்கார்ந்தால் நாம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம், உன் நிறைவு மட்டும் அங்கே கிடக்கும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

வாசல்வரை வந்துவிட்டுப் பார்க்காமல் போகிறேன் என்று வருத்தப்படாதே. பார்த்தால் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

உன் அண்ணன்
ஜெரால்டு

*

திண்டுக்கல்
21 ஏப்ரல் 2025

என் அன்பு அண்ணே,

நேற்று உயிர்ப்புத் திருநாள். இன்று காலை மதர் என்னைக் கூப்பிட்டு, பஸ்ஸா, பாட்டா என்று கேட்டார்கள். பாட்டுத்தான் என்றேன்.

நீ வந்த அன்று நான் கத்தரிப் பாத்தியில் இருந்தேன். வேன் சத்தம் கேட்டதும் தெரிந்துவிட்டது, சைலன்சர் ஓட்டையை நீ இன்னும் அடைக்கவில்லை. எழுந்து ஓடவில்லை. ஓடியிருந்தால் நானும் ஏறியிருப்பேன். சத்தம் மெயின் ரோட்டில் கரைகிறவரை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கடிதத்தை மதர் அன்றே கொடுத்தார்கள். கொடுக்கும்போது அவர்கள் கண்ணும் சரியாக இல்லை.

நன்றி என்று எழுதினால் கொஞ்சமாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அம்மாவுக்கு மூன்றாவது தோசை வைத்ததற்கு நன்றி. திக்கித் திக்கித் தொடங்கியதற்கு நன்றி. நீ ஆசைப்பட்டது கைக்கு வந்த நேரத்தில் அதை எனக்காக விட்டுக்கொடுத்தாய். எனக்காக யாரும் இதைவிடப் பெரிதாக எதுவும் செய்ததில்லை.

மே 31 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வார்த்தைப்பாடு. ஒவ்வொரு பெண்ணையும் பெற்றவர்கள் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போய் விடுவார்கள். எனக்கு ஒரு பக்கம் அம்மா இருப்பாள். அப்பா பக்கம் காலியாக இருக்கிறது. நீ வந்து நிற்பாயா? வர முடியாது என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ செய்ததே போதும்.

உன் தங்கச்சி
ஷெரின்

*

ஆவூர்
29 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

இதென்ன கேள்வி? நிற்பேன். அம்மா இப்போதே சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள், எனக்கும் ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். வெள்ளைச்சாமியும் வருகிறார். மீன் வண்டியில் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அடைக்கலத் தொட்டியில் முடிப்பாசி இல்லை. நல்ல பாசி மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்து, போன வாரம் பாதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் அவ்வளவு தெளிவு. நாங்கள் திண்டுக்கல் வரும் நாளில் தீனி வேண்டியதில்லை, ஒருநாள் பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவே சொல்கிறாள்.

பீடம்வரை கையை நான் பிடித்துக்கொள்கிறேன். அங்கே போனதும் எப்போது விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீயே சொல். அந்த நேரத்தில் நான் அழுதால் போட்டோ எடுக்க வேண்டாம் என்று மதரிடம் சொல்லி வை.

இன்னொன்று. பிறகு நீ விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது ஜெபத்தில் நாலாவதைக் கேட்காதே. அது இப்போது என் பங்கு, திருப்பித் தரமாட்டேன். உனக்கு என் மூன்றாவதைக் கொடுக்கலாம் என்று அம்மாவும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

உன் அண்ணன்
ஜெரால்டு